உடன்படிக்கைச் சாதி

சென்ற திங்கள் சிதம்பரத்தில், நாங்கள் நடத்திவரும் சிறு படிப்பகத்தில் கூட்டம் முடிந்து, விளக்கணைத்துக் கதவைப் பூட்டும் வேளையில் இளைஞரொருவர் என்னை நிறுத்தினார். இம்மாவட்டத்து ஆலையொன்றில் பாடுபடுபவர். அன்றைய பேச்சு முழுவதையும் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, வாய் திறவாது கேட்டிருந்தவர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி என் கையிலே வைத்தார்.

“ஐயா! இதிலே ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளாக இதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன். ஒப்பந்தம் என்றால் இருவர் உடன்பட்டுக் கையெழுத்திடுவது என்று பள்ளியிலே படித்தேன். நான் எந்தத் தாளிலும் கையெழுத்திட்டதில்லை. அப்படியானால், இது யாரும் யாரும் செய்துகொண்ட ஒப்பந்தம்?”

நான் உடனே விடையிறுக்கவில்லை. விடை தெரியாததால் அன்று. அவருடைய கேள்வி என்னை அறுபது ஆண்டுகளுக்கு அப்பால், கடலூரில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அங்கேயும் ஒப்பந்தம் என்ற சொல்தான் ஆட்சி புரிந்தது. ஆனால் அங்கே அந்தச் சொல் தாழ்ந்தவனைக் குறிக்கவில்லை, தோழர்களே! உயர்ந்தோனைக் குறித்தது!

என் தந்தை வெள்ளையர் தொடங்கிய வணிக நிறுவனம் ஒன்றில் குமாஸ்தா. முப்பத்தோராண்டு பேரேடு எழுதினார். அவர் கூட்டிய கூட்டல் தவறியதில்லை என்பார்கள். அந்த நிறுவனத்தில் மனிதர் இரண்டு வகை. ‘கவனண்டட்’ ஒரு வகை. ‘அன்கவனண்டட்’ மற்றொரு வகை. முன்னவருக்கு முன்படி, பின்னவருக்குப் பின்படி. முன்னவர் உண்ண மேசையும் விசிறியும் உள்ள அறை. பின்னவர் உண்ணத் தாழ்வாரம். முன்னவருக்கு வீடும் வண்டியும் நீண்ட விடுப்பும். பின்னவருக்குத் தீபாவளிக்கு ஒரு மாத முன்பணம். குமாஸ்தாக்கள் தமக்குள் இதை வைத்துச் சிலேடை பேசிச் சிரிப்பார்களாம்: “அவர்கள் கவனிக்கப்பட்டவர்கள், நாம் கவனிக்கப்படாதவர்கள்” என்று. அந்தச் சிரிப்பிலே கண்ணீர் இருந்ததென்பதைச் சிறுவனாகிய நான் அறியேன்.

1960-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எனக்குப் பத்து வயது. கொட்டும் மழையில் தந்தைக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துச் சென்றேன். நனையாமலிருக்க ஓடி, எதிரே தெரிந்த முன்படியில் ஏறிவிட்டேன். காவலாளி என் தோளைப் பற்றினார். கடிந்துகொள்ளவில்லை, பரிவோடுதான் சொன்னார். “இது கவனண்டட் படி, தம்பி. நீ பின்பக்கம் போ.” பின்பக்கம் போனேன். சோறு நனைந்துவிட்டது. தந்தை ஒன்றும் சொல்லாமல் அதையே உண்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 1984-இல் அவர் மறைந்த பிறகு, தகரப் பெட்டியிலே ஒரு தாளின் படியைக் கண்டேன். அவர் கைப்பட எழுதியது. தம் மகன் முன்படியில் ஏறிய தவற்றுக்கு வருந்துவதாகவும், இனி அவ்வாறு நிகழாதென உறுதி கூறுவதாகவும் எழுதி, கீழே கையெழுத்திட்டிருந்தார். முப்பத்தோராண்டுத் தொண்டுக்கு எழுத்தால் ஆன உடன்படிக்கை எதையும் நிறுவனம் அவரோடு செய்துகொள்ளவில்லை. அவர் அந்த நிறுவனத்துக்குக் கையெழுத்திட்டுத் தந்த உறுதிமொழி அது ஒன்றே! மகன் முன்படியில் ஏறமாட்டான் என்ற உறுதிமொழி!

அன்றிலிருந்து அந்தச் சொல்லைத் துருவத் தொடங்கினேன். ‘கவனண்ட்’ என்றால் என்ன? உடன்படிக்கை. ஆங்கிலச் சட்டத்தில், முத்திரையிட்டுத் தரும் உறுதிமொழி. ‘கவனண்டட்’ என்றால் உடன்படிக்கையிலே கையெழுத்திட்டவன். அவ்வளவே! அறிஞன் என்று பொருளில்லை. ஆற்றலுடையோன் என்று பொருளில்லை. நல்லவன் என்றும் பொருளில்லை. ஒரு தாளிலே பெயர் எழுதியவன். இந்த எளிய சொல் எப்படிப் படிக்கட்டுக்குக் காவல் நின்றது?

அதன் கதையை அறிய நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. கெடிலம் கடலோடு கலக்கும் தேவனாம்பட்டினத்துக்குப் போனால் போதும். 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்த கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லை வரை நிலம் தமதென்பது பேரம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்தப் பேரத்தை இன்னும் நினைவூட்டுகிறது. புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டார்கள். 1746-இல் சென்னைப்பட்டினம் பிரெஞ்சுக்காரர் வசமானபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இக்கோட்டையே 1752 வரை விளங்கியது. 1758-இல் லாலி இதைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

அந்தக் கோட்டையின் உள்ளே, கம்பெனி ஊழியருக்கு வரிசை உண்டு: ரைட்டர், அவருக்கு மேல் ஃபாக்டர், அவருக்கு மேல் இளைய வணிகர், அவருக்கும் மேல் மூத்த வணிகர். இலண்டனில் இயக்குநர் ஒருவரின் பரிந்துரையால் இடம்பெற்று, பிணையாளரைக் காட்டி, கம்பெனிக்கு உண்மையாக நடப்பேன் என்று உடன்படிக்கை எழுதித் தந்தால் இவ்வரிசையில் சேரலாம். இராபர்ட் கிளைவ் அப்படி வந்த ரைட்டர்தான். சென்னை வீழ்ந்தபோது தப்பி, கடலூர்க் கோட்டைக்கு ஓடிவந்தவர். பிற்காலத்தில் அதே கோட்டைக்கு ஆளுநராகவும் வந்தார். ரைட்டரின் சம்பளம் ஆண்டுக்கு ஐந்து பவுன்! அந்தச் சம்பளத்துக்காகவா கடல் கடந்தார்கள்? இல்லை. உடன்படிக்கையில் பெயர் எழுதியவருக்குக் கீழ்த்திசைத் துறைமுகங்களிடையே சொந்த வாணிபம் செய்யும் வாய்ப்பு இருந்தது. தாள் சிறிது, அது திறந்த கதவு பெரிது!

அதே கோட்டைக்குத் துணி நெய்து தந்த கடலூர்ப் பகுதி நெசவாளியும் ஒப்பந்தத்தால் கட்டுண்டவனே. முன்பணம் வாங்கினான்; இத்தனை துணி, இந்தத் தரம், இந்த நாள் என்று கட்டுப்பட்டான். ஆனால் அவனை எவரும் ‘கவனண்டட்’ என்று அழைக்கவில்லை. அவனுக்கு ஒப்பந்தம் என்பது கடன். கோட்டைக்குள்ளிருந்தவருக்கு ஒப்பந்தம் என்பது பட்டம்!

பட்டம் பிறகு சட்டமாயிற்று. காரன்வாலிஸ் காலத்தில் உயர் பதவிகள் இந்தியருக்கு அடைக்கப்பட்டன. சிவில் பதவிகளில் ஏற்படும் காலியிடங்களை உடன்படிக்கை ஊழியரைக் கொண்டே நிரப்பவேண்டும் என்று 1793-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. இருபத்துநான்கு இயக்குநர்கள் அந்த இடங்களைத் தம் உற்றார்க்கும் வேண்டியவர்க்கும் பகிர்ந்தளித்தனர். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் மதம், பிறந்த இடம், வமிசம், நிறம் இவற்றின் பொருட்டு எவரும் பதவிக்குத் தகுதியற்றவராகார் என்று அழகாக எழுதிற்று. எழுதிற்று, அவ்வளவே! நியமனம் இயக்குநர் கையிலேயே இருந்தது. 1853-இல் போட்டித் தேர்வு என்றனர். தேர்வு நடந்த இடமோ இலண்டன்! 1863-இல் சத்தியேந்திரநாத் தாகூர் தேறினார். உடன்படிக்கை வரிசையில் சேர்ந்த முதல் இந்தியர் அவரே. அதன் பின்னர், 1870-களில், தேர்வு வயதின் உச்ச வரம்பை 21-லிருந்து 19-ஆகக் குறைத்தனர். தேர்வை இந்தியாவிலும் நடத்த 1922 வரை காத்திருக்க நேர்ந்தது. கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியை உயர்த்திக் கட்டும் கலை இதுதான்!

நான் ஆள்மீது பகை பாராட்டுபவன் அல்லன். அந்த வரிசையில் நல்லோரும் இருந்தனர். எல்லிஸ் என்ற அதிகாரி தமிழைக் கற்றார். இளம் அதிகாரிகள் நாட்டு மொழிகளைப் பயிலச் சென்னையில் 1812-இல் கல்லூரி காணத் துணைநின்றார். தென்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்பதை 1816-இலேயே அச்சில் எடுத்துரைத்தார். கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டு முந்தியவர். ஆனால் எண்ணிப் பாருங்கள்! எல்லிஸை உயர்த்தியது அவருடைய உழைப்பும் அறிவும். உடன்படிக்கை மட்டுமே அறிவைத் தருமானால், கையெழுத்திட்ட அத்தனை பேரும் எல்லிஸ் ஆகியிருக்க வேண்டுமல்லவா?

1886-இல் அமைக்கப்பட்ட எய்ச்சிசன் குழு, ‘கவனண்டட்’, ‘அன்கவனண்டட்’ என்ற சொற்களை விட்டுவிடலாமென்றது. அரசு விட்டது. வணிகம் விடவில்லை! கல்கத்தாவின் மேலாண்மை முகமைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பெரிய வங்கிகளிலும் எண்ணெய் நிறுவனங்களிலும் அந்தச் சொல் புதுவாழ்வு பெற்றது. தாய்நாட்டில் அமர்த்தப்பட்டு, கப்பற்பயணமும் வீடும் விடுப்பும் எழுதிக்கொண்டு வந்த அதிகாரியே ‘கவனண்டட்’. 1947-க்குப் பிறகும் அது சாகவில்லை. வெள்ளைக்காரர் எழுந்துபோன நாற்காலியில் நம்மவர் அமர்ந்தனர். எந்தப் பள்ளியில் பயின்றாய், யாருடைய பிள்ளை, என்ன விளையாட்டு ஆடுவாய் என்று கேட்டு அமர்த்தினர்.

என் தந்தையின் நிறுவனத்துக்கும் 1962-இல் முதல் தமிழ் அதிகாரி வந்தார். குமாஸ்தாக்கள் மகிழ்ந்தார்கள். அவருக்குப் பேரேடு படிக்கக் கற்றுத்தந்தவர் என் தந்தை. காலையில் “ஐயா, ஐயா” என்று அருகமர்ந்து கற்பார். உணவு வேளை வந்ததும் எழுந்து அந்த விசிறி அறைக்குப் போவார். முன்படியில் இறங்குவார். “வெள்ளைக்காரன் போனபோது வராத வருத்தம், இந்தப் பிள்ளை போனபோது வந்தது” என்று தந்தை ஒருமுறை சொன்னார். அவர் எந்த மேடையிலும் ஏறியவரல்லர். ஆனால், ஆளை மாற்றினால் போதாது, அமைப்பை மாற்றவேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஏன் நம்மவர் அந்தப் படியை உடைக்கவில்லை? பழக்கம், தோழர்களே! பிறவியிலேயே பட்டியல் போட்டு வாழ்ந்த பழக்கம்! நான் வாழும் சிதம்பரத்தையே பாருங்கள். நடராசர் கோவிலின் பூசையும் நிர்வாகமும் பொது தீட்சிதர்கள் வசம். அந்தக் குடும்பங்களில் ஆணாகப் பிறந்து, மணமும் முடித்தவருக்கே அதில் பங்கு. அரசு தன் அலுவலரை அமர்த்தியது செல்லாதென 2014 சனவரி 6-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கின் நியாயத்தை நான் இங்கே அலசவில்லை. பெயரில் ‘பொது’ என்றிருக்கும் ஒன்றில் பொதுமக்களில் எவரும் சேர வழியில்லை என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். கம்பெனிக்காரர் தாளில் எழுதியதை நாம் தொட்டிலிலேயே எழுதி வைத்திருந்தோம். அதனால்தான் ‘கவனண்டட்’ என்ற அயற்சொல் நமக்கு அயலாகத் தோன்றவில்லை. இன்னொரு மேல்சாதி என்று எளிதிலே விளங்கிக்கொண்டோம்.

அதே சிதம்பரத்தில்தான், தீயில் மூழ்கி எழுந்த பிறகே நந்தனுக்கு உள்ளே இடம் என்று கதை வழங்குகிறது. அதே ஊரில்தான் சுவாமி சகசானந்தர் அந்த நந்தன் பெயராலேயே பள்ளி கண்டு, ஆதிதிராவிடப் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்தறிவித்தார். தீயில் மூழ்கச் சொன்ன ஊரில், பலகையில் எழுதச் சொன்னார். பட்டியலை உடைக்கும் வழி எதுவென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லுக்கு இரண்டாவது வாழ்வு ஒன்று இருந்தது. அது கப்பலிலே கழிந்தது. 1834 முதல் மொரீசுக்கும், பின்னர் நேட்டாலுக்கும் பீஜிக்கும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். 1860 நவம்பர் 16-இல் ‘துரூரோ’ என்ற கப்பல், சென்னையிலிருந்து ஏற்றிச்சென்ற கூலிகளை டர்பனில் இறக்கிற்று. நம் தென்னார்க்காட்டு மாவட்டத்தாரும் இவ்வழியே நேட்டாலுக்குப் போனார்கள். முதலாண்டில் திங்களுக்குப் பத்து ஷில்லிங் கூலி. அவர்களும் ஒப்பந்தக்காரரே! ‘அக்ரிமெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வடநாட்டார் நாவில் ‘கிர்மிட்’ ஆயிற்று. ஒப்பந்தக் கூலி ‘கிர்மிட்டியா’ ஆனான். கோட்டையிலிருந்த ரைட்டர் உடன்படிக்கையை மீறினால் பிணைத்தொகைக்கு வழக்கு. தோட்டக் கூலி மீறினால் சிறை! 1917-இல் இந்த ஆள் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது.

மூன்றாவது வாழ்வு நம் கண்முன் நடக்கிறது. 1956-இல் நெய்வேலி நிறுவனம் தோன்றியது. கடலூர்க் கடற்கரையில் பின்னாளில் தொழிற்பேட்டை வளர்ந்தது. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் கேட்டுப் பன்முறை போராடியிருக்கிறார்கள். ஒரே மாவட்டம், ஒரே சொல். அன்று கடலூர்க் கோட்டையில் ஒப்பந்தம் உள்ளவன் மேலோன். இன்று ஆலை வாயிலில் ஒப்பந்தத்துக்கு உரியவன் கடையன். சொல் அதேதான், எங்கே மாறிற்று?

இதைத்தான் அந்த இளைஞரிடம் சொன்னேன். “தம்பி! கம்பெனி ஊழியன் கையெழுத்திட்ட தாளிலே அவன் பெயர் இருந்தது. உங்கள் அட்டையில் குறித்திருக்கும் ஒப்பந்தம் ஆலைக்கும் குத்தகைதாரருக்கும் இடையிலானது. அந்தத் தாளிலே உங்கள் பெயர் இல்லை. அதில் நீங்கள் ஒரு தரப்பினர் அல்லர், எண்ணிக்கை! இத்தனை ஆள், இத்தனை நாள். உங்கள் உழைப்பைப் பற்றி மற்ற இருவர் உடன்பட்டிருக்கிறார்கள். அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பெயரை உங்கள் கழுத்திலே மாட்டியிருக்கிறார்கள்.”

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் என் பெயருள்ள தாள் ஒன்று வேண்டும். அதைக் கேட்கலாமா ஐயா?” என்றார்.

கேட்கலாம்! 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், குத்தகைதாரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே தரவேண்டுமென்று விதித்தது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பணியில் அமர்த்தப்படும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்கிறது. ஏட்டில் உள்ள சட்டம் தானாக வீட்டுக்கு வராது. 1833-இல் எழுதிய அழகிய வரி, கேட்பாரும் போராடுவாரும் தோன்றும் வரை தாளிலேயே உறங்கியதை மேலே கண்டோம்.

அடுத்த ஞாயிறு அவர் பதினான்கு பேரோடு படிப்பகத்துக்கு வந்தார். விண்ணப்பத்தை நான் எழுதித் தரவில்லை. அவர்களே எழுதினார்கள், நான்கு முறை அடித்து எழுதினார்கள். எங்களை அமர்த்தியவர் யார், கூலி என்ன, பணிக்காலம் என்ன என்பவற்றைக் காட்டும் கடிதம் எங்கள் ஒவ்வொருவர் பெயரிலும் வேண்டும் என்பதே அதன் சாரம். பதினைந்து கையெழுத்துகள். ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். பெயர் கொடுத்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம். அந்த அச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தந்தைக்கும் அதே அச்சம் இருந்தது. அதனால்தான் அந்த வருத்தக் கடிதத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கடிதத்தின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். தயங்கியவர் கேட்டார். பிறகு பதினைந்தாவது பெயராகத் தம் பெயரை எழுதினார்.

விடை இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். வரும்வரை கேட்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள்.

தோழர்களே! மேட்டுக்குடி தனக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்களைக் கண்டு மருளாதீர்கள். ‘கவனண்டட்’ என்றாலும், வேறெந்தப் பளபளக்கும் பெயராக இருந்தாலும், அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு தாள் இருக்கும். அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடப்பட்டிருக்கிறது, அதை எழுதும் உரிமை யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். நம் பெயரை நாமே எழுதக் கற்றதற்குப் பயன் அதுவே. என் தந்தையின் தாளை, அந்தப் பதினைந்து பேரின் விண்ணப்பப் படியோடு சேர்த்து, அதே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.